கன்னியாவில் ஒரு கிணற்றை மட்டும் தொட்டுப் பார்த்தால் போதுமா? முறைசார் மீளாய்வு, எளிய விளக்கம்

கிண்ணியாவிலோ மூதூரிலோ டெங்கு தலைகாட்டினால் போதும், "பப்பாசி இலைச்சாறு குடுங்கோ, பிளேட்லெட் ஏறும், ஆய்வில நிரூபிச்சிருக்காம்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும். அடுத்த குழுவில் இன்னொருவர், "அது சரிவராது எண்டும் ஆய்வு இருக்கு" என்று மறுப்பார். இருவருமே ஆளுக்கோர் ஆய்வை உண்மையாகவே படித்திருக்கலாம். ஒரு கேள்விக்குப் பத்து இடங்களில் ஆய்வு நடந்தால் பத்தும் ஒரே விடையைச் சொல்வதில்லை என்பது மட்டும் இரு பக்கத்திலும் மறந்துபோகிறது.

அப்படி வெவ்வேறு விடை சொல்லும் ஆய்வுகளை எல்லாம் ஓரிடத்தில் வைத்து, மொத்தத்தில் என்ன தெரிகிறது என்று கேட்பதற்கு ஓர் ஒழுங்கான வழி உண்டு. அதைத்தான் முறைசார் மீளாய்வு என்கிறோம். வார்ட்டிலும் வளாகத்திலும் "சிஸ்டமாட்டிக் ரிவியூ" என்ற பெயரில் அடிக்கடி அடிபடும் சொல்தான். ஆனால் இருபது கட்டுரைகளைத் தரவிறக்கி, ஒவ்வொன்றையும் ஒரு பந்தியில் சுருக்கி, கடைசியில் ஒரு முடிவுரை எழுதிவிட்டு அதற்கும் இந்தப் பெயரைச் சூட்டுவது வழக்கமாகிவிட்டது. அது மீளாய்வாக இருக்கலாம், முறைசார் மீளாய்வு ஆகாது. ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்கப் போகிறது.

## ஏழு கிணறு, ஏழு சூடு

திருகோணமலைப் பக்கத்துக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஒரே வளவுக்குள் ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஒன்றில் மட்டும் ஒரு வாளி மொண்டு ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் "கன்னியாத் தண்ணி சுடவே சுடாது" என்பார். வேறொன்றில் குளித்தவர் "கொதிக்குது" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஏழையும் ஒரே வெப்பமானியால், ஒரே ஆழத்தில், ஒரே நேரத்தில் அளந்து, ஏழு எண்களையும் வரிசையாக எழுதி வைத்தால்தான் கன்னியாவைப் பற்றி ஏதாவது சொல்லலாம்.

ஒரு சிகிச்சை பற்றிய ஒவ்வோர் ஆய்வும் அப்படி ஒரு கிணறு. எல்லாக் கிணற்றையும் தேடிப் பிடிப்பது, எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளப்பது, எப்படி அளந்தோம் என்பதை வெளிப்படையாக எழுதுவது. இந்த மூன்றும் சேர்ந்தால் முறைசார் மீளாய்வு.

இதில் உயிரான பகுதி, விதிகளை முதலிலேயே எழுதிவிடுவது. எந்த ஆய்வைச் சேர்ப்போம், எதைத் தள்ளுவோம், எந்த விளைவை அளப்போம் என்பதெல்லாம் முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த எழுத்துக்கு முன்திட்டம் என்று பெயர். இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகம் 2011 முதல் நடத்தும் புரொஸ்பெரோ என்ற இணையப் பதிவேட்டில் முன்திட்டத்தைப் பதிந்து வைக்கலாம். பிறகு விதியை மாற்றினால் உலகமே பார்க்கும். சாதாரண இலக்கிய மீளாய்வில் இந்தக் கடிவாளம் இல்லை. எழுதுபவர் தனக்குப் பிடித்த முடிவுக்கு ஏற்ற கட்டுரைகளைப் பொறுக்கலாம். அவர் நல்ல மனதோடு செய்தாலும் அது நடந்துவிடும்.

இதுவரை: முறைசார் மீளாய்வு என்பது புதிதாக நோயாளிகளைச் சேர்த்துச் செய்யும் ஆய்வல்ல. ஏற்கெனவே நடந்த ஆய்வுகளையே தரவாக எடுத்து, முன்கூட்டி எழுதிய விதிப்படி, மற்றவர் திரும்பச் செய்து பார்க்கக்கூடிய விதத்தில் செய்யும் ஆய்வு.

## கேள்வியை முதலில் செதுக்க வேண்டும்

"டெங்குக்குப் பப்பாசி இலை நல்லதா?" என்பது மீளாய்வுக்கான கேள்வி அல்ல. அதை நாலு துண்டாக உடைக்க வேண்டும். யாரில், எதைக் கொடுத்து, எதோடு ஒப்பிட்டு, என்ன விளைவைப் பார்க்கிறோம்? இந்த நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதை பிக்கோ என்பார்கள்.

இரத்தப் பரிசோதனையில் டெங்கு உறுதியான வளர்ந்தவர்களில், வழமையான பராமரிப்போடு இலைச்சாறும் கொடுப்பதை, வழமையான பராமரிப்பு மட்டும் கொடுப்பதோடு ஒப்பிட்டால், இறப்போ தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்படுவதோ குறைகிறதா? இப்போது இது கேள்வி.

நான்காவது துண்டில்தான் பலர் வழுக்குகிறார்கள். பிளேட்லெட் எண்ணிக்கை என்பது ஓர் ஆய்வுகூட எண். டெங்கில் ஆளை ஆபத்துக்குள் தள்ளுவது பெரும்பாலும் இரத்த நாளங்களிலிருந்து இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிவதும் அதனால் வரும் அதிர்ச்சி நிலையும்தான். காய்ச்சல் தணிந்து ஓரிரு நாள் கழிந்தால் பெரும்பாலானவர்களில் பிளேட்லெட் தானாகவே ஏறும். ஆகவே "குடித்தார், ஏறியது" என்பது எதையும் காட்டாது. குடிக்காதவருக்கும் ஏறியிருக்கும். நோயாளிக்கு உண்மையில் முக்கியமான விளைவுக்குப் பதிலாக, அளக்க இலகுவான ஒன்றை எடுத்துக்கொள்வதைப் பதிலி விளைவு என்கிறோம். ஒரு மீளாய்வைக் கையில் எடுத்தால், அது எந்த விளைவைப் பற்றிப் பேசுகிறது என்பதை முதல் பக்கத்திலேயே தேடுங்கள்.

திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டியிருக்கும். ஒரே மூலிகை ஓர் ஆய்வில் குடிநீராக, இன்னொன்றில் சூரணமாக, வேறொன்றில் குளிசையாக வரும். "எதைக் கொடுத்து" என்ற துண்டில் வடிவமும் அளவும் எழுதப்படாவிட்டால், கடைசியில் மூன்று வெவ்வேறு மருந்துகளை ஒரே பெயரில் கூட்டிவிடுவீர்கள்.

## தேடுவதும் கழிப்பதும்: கரைவலைக் கணக்கு

கரைவலை இழுப்பதைப் பார்த்திருந்தால் அடுத்த படி இலகுவாக விளங்கும். வலையை அகலமாக வளைத்துப் போடுகிறார்கள். மடி கரைக்கு வந்ததும் சூடையும் நெத்தலியும் பாரையும் மட்டுமல்ல, பாசியும் சிப்பியும் பொலித்தீனும் சேர்ந்தே வரும். மணலில் கொட்டிய பிறகுதான் தெரிவு நடக்கும். முதலே சின்ன வலையாகப் போட்டால் தெரிவு வேலை குறையும், மீனும் போய்விடும்.

தேடலும் அப்படித்தான். மெட்லைன், எம்பேஸ், முறைசார் மீளாய்வுகளை வெளியிடும் கொக்ரேன் அமைப்பின் சென்ட்ரல் என்று குறைந்தது இரண்டு மூன்று மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளங்களில் தேட வேண்டும். ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லாமல் போகும். பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்தையே எடுங்கள். ஆங்கிலக் கட்டுரைகள் அதை அன்ரிவெனம், அன்ரிவெனின், அன்ரிவெனீன் என்று மூன்று விதமாக எழுதுகின்றன. ஒன்றை மட்டும் தட்டச்சு செய்து தேடினால் மற்ற இரண்டில் எழுதியவர்களின் கட்டுரைகள் வலைக்கு வெளியே நின்றுவிடலாம். ஒரே பொருள் தரும் சொற்களை எல்லாம் "அல்லது" என்று இணைத்து ஒரு கட்டாக்கி, நோய் ஒரு கட்டு, மருந்து ஒரு கட்டு என வைத்து, கட்டுகளை "மற்றும்" என்று இணைப்பதுதான் வழக்கம். அந்தத் தேடல் வரியை அப்படியே பின்னிணைப்பில் அச்சிட வேண்டும். அது இல்லாத மீளாய்வை யாராலும் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

இப்படி ஒரு தேடலில் 3,000 தலைப்புகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு இரண்டு என்று பார்த்தாலும் ஒருவருக்கு 25 மணித்தியாலம். அதையும் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கேட்காமல் தனித்தனியே செய்ய வேண்டும். களைத்த கண் தவறவிடும், ஆசையுள்ள கண் சேர்த்துவிடும். இரண்டையும் பிடிப்பதற்கு இரண்டாவது ஆள் தேவை. ஒத்துவராத இடத்தில் மூன்றாமவர் தீர்ப்பார். தலைப்பும் சுருக்கமும் பார்த்துக் கழித்த பின், எஞ்சியவற்றை முழுக்கட்டுரையாக எடுத்துப் படித்து மறுபடி கழிக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் கழித்த ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். எத்தனை வந்தன, எத்தனை கழிந்தன, எத்தனை நின்றன என்பதைக் காட்டும் பாய்ச்சல் படத்தைப் பிரிஸ்மா படம் என்பார்கள். பிரிஸ்மா என்பது மீளாய்வை எப்படி அறிக்கையிட வேண்டும் என்ற 27 அம்சப் பட்டியல். 2009இல் வந்தது, 2020இல் புதுப்பிக்கப்பட்டது. தனியே ஒருவர் இரண்டு வாரத்தில் செய்து முடித்த முறைசார் மீளாய்வு என்று யாராவது காட்டினால், இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

## பிடித்த மீன் நல்லதா?

வலைக்குள் வந்துவிட்டது என்பதற்காக எல்லாம் கறிக்கு உதவாது. சேர்த்த ஒவ்வோர் ஆய்வும் எவ்வளவு நம்பத்தக்க விதத்தில் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். இங்கே ஒரு சொல்: பக்கச்சார்பு. விடையை ஒரே பக்கமாகத் தள்ளும் பிழை என்று பொருள். தராசின் ஒரு தட்டில் புளி ஒட்டியிருப்பதுபோல. நூறு தடவை நிறுத்தாலும் நூறு தடவையும் அதே பக்கம் சாயும். அதனால் ஆட்களின் தொகையைக் கூட்டுவதால் இது நீங்காது.

சிகிச்சை பற்றிய கேள்விக்கு வலுவான ஆய்வு எழுமாற்றுக் கட்டுப்பாட்டுச் சோதனை. யாருக்கு மருந்து, யாருக்கு ஒப்பீடு என்பதைக் குலுக்கல்போலத் தற்செயலாகத் தீர்மானிப்பது அது. குலுக்கல் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. கட்டில் இலக்கம் ஒற்றையானால் மருந்து, இரட்டையானால் ஒப்பீடு என்று பிரித்திருந்தால் பார்வைக்கு நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அனுமதிக்கும் வைத்தியருக்கு அடுத்த கட்டில் எது என்று தெரியும். மிகவும் மோசமாக இருக்கும் நோயாளிக்கு மருந்து கிடைக்கட்டும் என்று இரக்கத்தில் ஒரு கட்டில் தள்ளிப் போடுவார். அந்த இரக்கம் ஒரு குழுவில் கடுமையான நோயாளிகளைக் குவித்துவிடும். அடுத்து யாருக்கு எது வரும் என்பது சேர்ப்பவருக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டிருந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மற்றவை: விளைவை அளந்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரிந்திருந்ததா? இடையில் எத்தனை பேர் காணாமற் போனார்கள்? முதலில் அளப்போம் என்று பதிந்த விளைவும் கட்டுரையில் சொன்ன விளைவும் ஒன்றா? கடைசிக் கேள்விக்குச் சோதனைப் பதிவேடுகள் உதவும். இலங்கைக்கும் தனியாக ஒரு மருத்துவச் சோதனைப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. அங்கே பதிந்ததையும் சஞ்சிகையில் வந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

## கூட்டுவது சராசரி எடுப்பதல்ல

இனித்தான் எண்கள். பல ஆய்வுகளின் எண்களை ஒன்றாக்கிக் கணக்கிடுவதற்கு மெட்டா பகுப்பாய்வு என்று பெயர். 1976இல் ஜீன் கிளாஸ் என்ற அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் இட்ட பெயர். முறைசார் மீளாய்வும் மெட்டா பகுப்பாய்வும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். முன்னது தேடல் முதல் முடிவு வரையான முழு வேலை. பின்னது அதன் கடைசியில் வரக்கூடிய ஒரு கணக்கு. கணக்கே இல்லாமலும் நல்ல முறைசார் மீளாய்வு இருக்கலாம். மீளாய்வே இல்லாமல், கையில் கிடைத்த நாலு ஆய்வை எடுத்துக் கணக்கு மட்டும் போடுவதும் நடக்கிறது. அதுதான் ஆபத்தானது. தசம புள்ளியோடு வரும் விடை அதன் அடியில் இருக்கும் ஓட்டையை மறைத்துவிடும்.

நம் நாட்டிலேயே நடந்த இரண்டு பெரிய சோதனைகளை எடுத்துக் கையால் கூட்டிப் பார்ப்போம். நஞ்சேறி வந்தவர்களுக்கு, வயிற்றிலுள்ள நஞ்சை ஒட்டிப் பிடிக்கும் செயற்படு கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் இறப்புக் குறையுமா என்பது கேள்வி. 2003இல் வெளிவந்த முதலாவது, ஒரு தாவர நஞ்சு ஏறியவர்களில் மட்டும் நடந்தது. எல்லோருக்கும் முதலில் ஒருமுறை கரி கொடுத்தார்கள். அதன் பின் திரும்பத் திரும்பக் கொடுத்த 201 பேரில் 5 பேர் இறந்தனர், மேலும் கொடுக்காத 200 பேரில் 16 பேர். 2008இல் வெளிவந்த இரண்டாவது, பலவகை நஞ்சுகள் ஏறிய 4,632 பேரில் நடந்தது. அவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். பலமுறை கரி கொடுத்த 1,531 பேரில் 97 பேர் இறந்தனர், கொடுக்காத 1,554 பேரில் 105 பேர். மூன்றாவது குழுவுக்கு ஒருமுறை மட்டும் கொடுக்கப்பட்டது.

முதலாவதில் இறப்பு 8 சதவீதத்திலிருந்து 2.5 ஆக விழுந்தது. மருந்துக் குழுவின் இறப்பு வீதத்தை ஒப்பீட்டுக் குழுவின் வீதத்தால் வகுத்தால் வருவது சார் ஆபத்து. 1 என்றால் வித்தியாசம் இல்லை, குறைந்தால் நன்மை. முதலாவதில் 0.31. இரண்டாவதில் 6.8 சதவீதத்துக்கு எதிரே 6.3, சார் ஆபத்து 0.94.

ஒன்று ஆம் என்கிறது, மற்றது பெரிதாக ஒன்றும் இல்லை என்கிறது. வாக்கெடுப்பு நடத்தினால் ஒன்றுக்கொன்று சமன். இரண்டு எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 0.62 வரும். கரி கொடுத்தால் இறப்பு மூன்றில் ஒன்றுக்கும் மேல் குறையும் என்று தலைப்புப் போடலாம். அது தவறு. 21 இறப்புகளை வைத்துப் பேசும் ஆய்வுக்கும் 202 இறப்புகளை வைத்துப் பேசும் ஆய்வுக்கும் ஒரே குரல் கொடுத்துவிட்டோம்.

சரியான முறையில் ஒவ்வோர் ஆய்வுக்கும் அதன் துல்லியத்துக்கு ஏற்ப நிறை கொடுக்கப்படும். அதிக நிகழ்வுகள் பதிவானால் தற்செயலின் ஆட்டம் குறையும், நிறை கூடும். இந்த இரண்டிலும் நிறை ஏறத்தாழ 7 சதவீதமும் 93 சதவீதமுமாகப் பிரிகிறது. கூட்டு விடை 0.87. அதைச் சுற்றி 95 சதவீத நம்பிக்கை ஆயிடை 0.67 முதல் 1.13 வரை. நம்பிக்கை ஆயிடை என்பது, தற்செயலின் ஆட்டத்தைக் கணக்கில் எடுத்தால் உண்மையான விளைவு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்பதைக் காட்டும் வீச்சு. இங்கே அது 1ஐத் தாண்டி நிற்பதால் நன்மை என்றும் சொல்ல முடியாது, பயனில்லை என்று கதவைப் பூட்டவும் முடியாது.

இன்னும் ஒரு கேள்வி மிச்சம். இந்த இரண்டையும் கூட்டியதே சரியா? ஆய்வுகளின் விடைகள் தற்செயலால் எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகமாக விலகி நிற்பதைப் பல்லினத்தன்மை என்கிறோம். அதை அளக்கும் ஐ-ஸ்குயார் என்ற எண் 0 முதல் 100 சதவீதம் வரை போகும். இங்கே அது 78 வருகிறது. அதிகம். அப்படி வந்தால் கூட்டு விடையை உடனே எழுதாமல், ஏன் என்று தேட வேண்டும். ஒரு நஞ்சு, பல நஞ்சு என்ற வித்தியாசமா? பெரிய சோதனையைச் செய்தவர்கள் நஞ்சுவகை வாரியாகவும் பிரித்துப் பார்த்தார்கள், அங்கும் வேறுபாடு தெரியவில்லை. அப்படியானால் கொடுத்த ஒழுங்கா, வந்து சேர்ந்த நேரமா, சிறிய ஆய்வின் அதிர்ஷ்டமா? நல்ல மீளாய்வில் நீங்கள் வாசிக்க வேண்டிய பகுதி இந்த விவாதம்தான். 0.87 என்ற எண்ணில் அது இல்லை.

தரவு எடுக்கும்போது நடக்கும் மூன்று பிழைகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். மூன்று குழுச் சோதனையில் ஒருமுறைக் கரியையும் பலமுறைக் கரியையும் தனித்தனி ஒப்பீடாகச் சேர்த்தால் அதே 1,554 பேர் இரண்டு தடவை எண்ணப்படுவார்கள். ஒரே சோதனை இரு சஞ்சிகைகளில் வெவ்வேறு தலைப்பில் வந்திருந்தால் அதுவும் இரட்டிப்பாகும். மூன்றாவது மிகவும் சாதாரணமானது. நியம வழுவை நியம விலகல் என்று நினைத்துப் பதிவது. நியம விலகல் ஆளுக்காள் உள்ள பரம்பல். நியம வழு சராசரியின் நிச்சயமின்மை. 100 பேர் கொண்ட குழுவில் பின்னது முன்னதில் பத்திலொரு பங்குதான். மாற்றிப் போட்டால் அந்த ஆய்வின் நிறை பல மடங்கு ஊதிப் பெருத்து, முழு விடையையும் தன் பக்கம் இழுத்துவிடும். ஓர் ஆய்வுக்கு மட்டும் நம்ப முடியாத அளவு ஒடுங்கிய ஆயிடை இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

## ஏழு கோடுள்ள இலச்சினை

கூட்டுக் கணக்கைப் படமாக வரைந்தால் பொரெஸ்ட் பிளொட். நடுவில் ஒரு நிலைக்குத்துக் கோடு, வித்தியாசம் இல்லை என்பதற்கு. ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு கிடைக்கோடு, நீளம் அதன் நம்பிக்கை ஆயிடை. கோட்டின் மேல் ஒரு சதுரம், பெரிதானால் நிறை அதிகம். அடியில் ஒரு வைரம், அது கூட்டு விடை. வைரம் நடுக்கோட்டைத் தொட்டால் நன்மையோ தீமையோ உறுதியில்லை.

இந்தப் படத்தில் ஒன்று உலகப் புகழ் பெற்றது. குறைமாதத்தில் பிரசவிக்கக்கூடிய தாய்க்குக் குறுகிய கால ஸ்டீரொயிட் மருந்து கொடுத்தால் குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சியடையும் என்று நியூசிலாந்தில் நடந்த முதல் சோதனை 1972இல் வெளிவந்தது. அடுத்தடுத்து வந்த சோதனைகள் பலவற்றில் கோடு நடுக்கோட்டைத் தொட்டது. தனித்தனியே பார்த்தவர்களுக்குச் "சரியாகத் தெரியவில்லை" என்றே பட்டது. எல்லாவற்றையும் சேர்த்த முறைசார் மீளாய்வு 1989இல்தான் வெளிவந்தது. குழந்தை இறக்கும் ஆபத்து 30 முதல் 50 சதவீதம் வரை குறைவது தெரிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பெரும்பாலான மகப்பேற்று வைத்தியர்களுக்கு இது தெரியாமலே போனதால், காப்பாற்றியிருக்கக்கூடிய குழந்தைகள் இறந்தன. 1993இல் தொடங்கிய கொக்ரேன் அமைப்பு தன் இலச்சினையாக எடுத்தது அந்தப் படத்தைத்தான். முதலில் வரைந்த அந்த இலச்சினையிலும் கன்னியாக் கிணறுகள்போல ஏழு கிடைக்கோடுகள்.

## வலைக்கு வராத ஆய்வுகள்

தேடல் எவ்வளவு அகலமானாலும், அச்சேறாத ஆய்வை அது பிடிக்காது. மருந்து வேலை செய்தது என்ற ஆய்வு வெளிவரும், செய்யவில்லை என்றது மேசை லாச்சிக்குள் கிடக்கும். இதுதான் வெளியீட்டுப் பக்கச்சார்பு.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்திடம் பதிவான மனச்சோர்வு மருந்துச் சோதனைகள் 74ஐ எடுத்துச் சிலர் 2008இல் ஒப்பிட்டார்கள். நிறுவனத்தின் மதிப்பீட்டில் 38 சோதனைகள் சாதகம். அவற்றில் 37 சஞ்சிகையில் வந்திருந்தன. மிச்சம் 36 சாதகமல்லாதவை அல்லது ஐயத்துக்குரியவை. அவற்றில் 22 வெளிவரவே இல்லை, 11 சாதகம்போலத் தோன்றும்படி எழுதப்பட்டு வெளிவந்தன, 3 மட்டும் உள்ளபடி. ஆகவே சஞ்சிகைகளை மட்டும் படித்தவருக்கு 94 சதவீதமான சோதனைகள் வெற்றி. உண்மையில் 51 சதவீதம். நேர்மையான மீளாய்வாளர் ஒருவர் எல்லா விதியையும் பின்பற்றி சஞ்சிகைக் கட்டுரைகளை மட்டும் கூட்டியிருந்தாலும் பிழையான விடைதான் வந்திருக்கும். பதிவேடுகளைத் தேடுவதும், பதிந்தும் வெளிவராதவற்றைப் பற்றி ஆய்வாளர்களுக்கு எழுதிக் கேட்பதும் மேலதிக வேலை அல்ல என்று சொல்வது இதனால்தான்.

எதிர்த்திசையிலும் விபத்து நடக்கும். கொவிட் காலத்தில் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து இறப்பைக் குறைக்கிறது என்று சில மெட்டா பகுப்பாய்வுகள் சொல்லின. அவற்றுக்குள் சேர்க்கப்பட்டிருந்த ஓர் ஆய்வின் தரவு பற்றிக் கடும் கேள்விகள் எழுந்து, 2021 ஜூலையில் அது மீளப்பெறப்பட்டது. அதையும் நம்பகமற்ற மற்றவற்றையும் நீக்கிக் கணக்கிட்டபோது அந்த நன்மை நிற்கவில்லை. கூட்டுக் கணக்கால் கெட்ட தரவைச் சுத்தம் செய்ய முடியாது.

இதுவரை: தேடல், கழிப்பு, தரம், கூட்டல் ஆகிய நான்கில் எங்கும் பிழை வரலாம். கடைசி எண் மட்டும் அதைக் காட்டிக் கொடுக்காது.

## எவ்வளவு உறுதி, யாருக்கு உறுதி

முடிவு என்ன என்பதோடு, அதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் மீளாய்வு சொல்ல வேண்டும். இதற்குப் பரவலாகப் பயன்படுவது கிரேட் முறை. உயர்வு, நடுத்தரம், தாழ்வு, மிகத் தாழ்வு என நான்கு படிகள். எழுமாற்றுச் சோதனைகள் உயர்விலிருந்து தொடங்கும். பக்கச்சார்பு, விடைகளின் முரண், ஆயிடையின் அகலம், வெளியீட்டுப் பக்கச்சார்பு, நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தாமை என்று ஒவ்வொரு குறைக்கும் படி இறங்கும். "மிகத் தாழ்வு" என்பது மருந்து கெட்டது என்று பொருளல்ல. நமக்கு இன்னும் தெரியாது என்று பொருள். சஞ்சிகைச் செய்திகளில் இந்த ஒரு சொல் காணாமற் போவதால் விளையும் குழப்பம் கொஞ்சமல்ல.

நேரடிப் பொருத்தம் பற்றி அந்த ஸ்டீரொயிட் கதையிலேயே பாடம் இருக்கிறது. வசதியுள்ள நாடுகளின் வைத்தியசாலைகளில் தெளிவாகத் தெரிந்த நன்மையை ஆறு நாடுகளின் கிராமப்புறங்களுக்கும் சிறிய நிலையங்களுக்கும் கொண்டு போன பெரிய சோதனை 2015இல் வெளிவந்தது. அங்கே மொத்தத்தில் குழந்தை இறப்புக் கூடியது. 2020இல் வங்கதேசம், இந்தியா, பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா வைத்தியசாலைகளில், ஸ்கான் செய்து கர்ப்ப வாரத்தை உறுதிப்படுத்தி, குழந்தையைப் பராமரிக்க வசதியுள்ள இடத்தில் கொடுத்தபோது இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. அதே வகை மருந்துதான். யாருக்கு, எங்கே, என்ன பராமரிப்போடு என்பது மாறியது.

## பாம்புக்கடி: ஒரு மீளாய்வின் ஆயுள்

விஷமுறிவு மருந்து ஏற்றும்போது வரும் ஒவ்வாமை நம் வார்ட்டுகளில் நாளாந்தப் பிரச்சினை. அதைத் தடுக்க முன்கூட்டி ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்ட கொக்ரேன் மீளாய்வு 2000ஆம் ஆண்டளவில் வந்தது. முழு உலகையும் தேடிக் கிடைத்தவை இரண்டே சோதனைகள். பிரேசிலில் 101 பேரில் புரொமெத்தசின், இலங்கையில் 105 பேரில் குறைந்த அளவு அட்ரீனலின். முதலாவதில் பயன் தெரியவில்லை. இரண்டாவதில் ஒவ்வாமை 43 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைந்தது. ஆனாலும் 105 பேர்தான். நம்பிக்கையான சைகை, முடிந்த முடிவல்ல.

அந்த இடைவெளியை நிரப்ப இலங்கை வைத்தியர்களே 1,007 நோயாளிகளில் அட்ரீனலின், புரொமெத்தசின், ஹைட்ரோகோர்ட்டிசோன் மூன்றையும் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். அட்ரீனலின் கடுமையான ஒவ்வாமையை முதல் மணித்தியாலத்தில் 43 சதவீதமும், 48 மணித்தியாலம் வரை 38 சதவீதமும் குறைத்தது. பழக்கத்தில் கொடுக்கப்பட்டுவந்த மற்ற இரண்டும் குறைக்கவில்லை. என்ன தெரியவில்லை என்பதை மீளாய்வு துல்லியமாகச் சொன்னால், அடுத்த சோதனை எதுவாக இருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். சித்த மருத்துவத்தில் தேடி ஒரு சோதனைகூடக் கிடைக்காத மாணவர் மனம் தளரத் தேவையில்லை. ஒழுங்காகத் தேடியும் ஒன்றும் இல்லை என்பது பதிய வேண்டிய முடிவு.

ஒரு முறைசார் மீளாய்வு கையில் கிடைத்தால் இந்த ஒழுங்கில் வாசியுங்கள். கேள்வியின் நாலு துண்டும் உங்கள் நோயாளியோடு பொருந்துகிறதா என்று முதலில். முன்திட்டம் பதியப்பட்டதா, இருவர் தனித்தனியே தெரிந்தார்களா என்பது அடுத்து. பிறகு பக்கச்சார்பு அட்டவணை, அதன் பின்தான் வைரம். வைரத்தைப் பார்த்ததும் ஆயிடையின் இரண்டு முனைகளையும் பாருங்கள். நன்மை ஆகக் குறைந்த முனையில் இருந்தாலும் இந்தச் சிகிச்சையைக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். சதவீதக் குறைவை நூறு பேருக்கு எத்தனை பேர் என்று மாற்றி எழுதுங்கள். பெரிய கரிச் சோதனையில் அந்த வித்தியாசம் ஆயிரம் பேருக்கு நாலு மட்டுமே. முழுக்கட்டுரை கிடைக்காவிட்டால் கொக்ரேன் இணையத்தளத்தில் சுருக்கமும் எளிய மொழிச் சுருக்கமும் இலவசம். சிலவற்றுக்குத் தமிழிலும் உண்டு.

இவற்றோடு தேடிய திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளிவந்த ஆண்டும் தேடிய திகதியும் ஒன்றல்ல. இடையில் ஒன்றிரண்டு ஆண்டு போயிருக்கும். 2000இல் வந்த பாம்புக்கடி மீளாய்வுக்குள் 2011இன் 1,007 பேர் இருக்க மாட்டார்கள். முறைகள் பகுதியில் அந்தத் திகதி எழுதியிருக்கும், பின்னிணைப்பில் தேடல் வரி இருக்கும். அதே வரியை, மெட்லைனை இலவசமாகத் தேட உதவும் பப்மெட் இணையத்தளத்தில் ஒட்டி, அந்தத் திகதிக்குப் பின் வந்தவை மட்டும் என்று வடிகட்டினால், புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்று அரை மணித்தியாலத்தில் பார்த்துவிடலாம்.